மகளுக்காக ஒரு சடங்கு
யூத குரு மொர்தெகாய் காப்ளான் வாழ்க்கை

1922ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18ஆம் தேதி, சனிக்கிழமை. யூதர்களுக்கு அது ஓய்வு நாள். நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில், தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்த ஒரு ஜெப ஆலயத்தில் காலை வழிபாடு நடந்துகொண்டிருந்தது. வேதச் சுருளை வாசித்து முடித்த பிறகு, முன் வரிசையில் உட்கார்ந்திருந்த பன்னிரண்டரை வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து வந்து நின்றாள். எபிரேய மொழியில் அதற்குரிய ஆசி மொழிகளைச் சொன்னாள். தன் கையில் இருந்த வேதப் புத்தகத்தைப் பிரித்து ஒரு பகுதியை எபிரேயத்தில் வாசித்தாள். அதையே ஆங்கிலத்திலும் வாசித்தாள். பிறகு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

நடந்தது இவ்வளவுதான். மேளதாளம் இல்லை, விருந்தாளிக் கூட்டம் இல்லை. ஆனால் அமெரிக்காவில் நடந்த முதல் பாட் மிட்ஸ்வா என்று வரலாற்றில் இடம்பெற்றிருப்பது அந்தச் சில நிமிஷங்களே. சிறுமியின் பெயர் ஜூடித். அவளை அங்கே நிறுத்தியவர் அவளுடைய தந்தை, அந்த ஆலயத்தின் குருவான ரபி மொர்தெகாய் காப்ளான்.

யூதக் குடும்பங்களில் பிறப்பு முதல் இறப்பு வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சடங்கு உண்டு. ஆண் குழந்தைக்குப் பிறந்த எட்டாம் நாள் விருத்தசேதனம் செய்து பெயர் வைப்பார்கள். பதின்மூன்று வயது நிரம்பியதும் பார் மிட்ஸ்வா. கட்டளைக்கு உரிய மகன் என்பது அதன் பொருள். அன்று பையனை ஜெப ஆலயத்து மேடைக்கு அழைத்து வேதச் சுருளின் முன் நிறுத்துவார்கள். அன்றிலிருந்து அவன் சமூகத்தில் பொறுப்புள்ள ஆள். கல்யாணத்துக்கு நான்கு கால் பந்தலும் எழுதப்பட்ட ஒப்பந்தமும் உண்டு. பெற்றோர் இறந்தால் பதினோரு மாதங்கள் மகன் சொல்ல வேண்டிய பிரார்த்தனை உண்டு. இத்தனையிலும் பெண்ணுக்கென்று இருந்த பங்கு மிகக் குறைவு. பன்னிரண்டு வயதில் பெண் பொறுப்புக்கு வருகிறாள் என்று சாஸ்திரம் ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த நாளைக் குறிக்க ஒரு விளக்குகூட ஏற்றுவதில்லை.

காப்ளானுக்கு மகன் கிடையாது. ஜூடித், ஹதாசா, நயோமி, செல்மா என்று நான்கு பெண்கள். புதிய சடங்குக்கு அவரிடம் நான்கு காரணங்கள் இருந்தன, நான்கும் அவர் வீட்டிலேயே வளர்ந்துகொண்டிருந்தன.

லிதுவேனியாவிலிருந்து நியூயார்க்குக்கு

மொர்தெகாய் காப்ளான் 1881ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் தேதி பிறந்தார். வில்னா நகருக்கு அருகே உள்ள ஷ்வென்சியோனிஸ் என்ற சிற்றூர் அவர் பிறந்த இடம். இன்று லிதுவேனியாவில் இருக்கும் அந்த ஊர் அப்போது ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. தந்தை இஸ்ரேல் காப்ளான் வேத சாஸ்திரங்களைக் கரைத்துக் குடித்தவர். நியூயார்க்கில் யூதர்களின் தலைமை ரபியாக அமர்த்தப்பட்டிருந்த ஜேக்கப் ஜோசப், தம்முடைய மத நீதிமன்றத்தில் பணிபுரிய அவரை அழைத்தார். தந்தை முதலில் அமெரிக்கா சென்றார். தாயும் பிள்ளைகளும் பாரிஸ் நகரில் ஏறத்தாழ ஓராண்டு காத்திருந்துவிட்டு 1889இல் போய்ச் சேர்ந்தார்கள். மொர்தெகாய்க்கு அப்போது எட்டு வயது.

தந்தை வைதீகர்தான். ஆனாலும் கேள்வி கேட்பவர்களுக்கு வீட்டுக் கதவை அடைத்தவரல்ல. ஆர்னால்டு எர்லிக் என்ற வேத ஆராய்ச்சியாளர் அந்த வீட்டுக்கு அடிக்கடி வருவார். வேதத்தை மனிதர்கள் எழுதிய நூலாகவே பார்த்து, சொல் சொல்லாகப் பிரித்து ஆராய்ந்தவர் அவர். பெரியவர்கள் பேசுவதை ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த சிறுவன் மனத்தில் அன்றே விதை விழுந்துவிட்டது.

காப்ளான் 1900இல் நியூயார்க் சிட்டி கல்லூரியில் பட்டம் பெற்றார். 1902இல் யூத இறையியல் செமினரியில் குருப்பட்டம் பெற்றார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தத்துவமும் சமூகவியலும் படித்தார். பிறகு கெஹிலாத் ஜெஷுரன் என்ற வைதீக சபையில் பிரசங்கியாகச் சேர்ந்தார். 1908இல் லீனா ரூபின் என்ற பெண்மணியை மணந்தார்.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அவர் வாழ்க்கை நல்லபடியாக அமைந்துவிட்டதாகவே தோன்றியிருக்கும். உள்ளுக்குள் அவர் தவித்துக்கொண்டிருந்தார். சீனாய் மலையில் இறைவன் நேரில் இறங்கி மோசேயிடம் வேதத்தைக் கொடுத்தார் என்று மேடையில் நின்று பிரசங்கிக்க வேண்டும். அதை அவரால் நம்ப முடியவில்லை. நம்பாததைப் போதிப்பது பொய் சொல்வதற்குச் சமம் என்று மனம் குத்தியது. மதத் தொழிலையே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தார். அந்தச் சமயத்தில், 1909இல், செமினரியின் தலைவராக இருந்த சாலமன் ஷெக்டர் அவரை அழைத்து, புதிதாகத் தொடங்கிய ஆசிரியர் பயிற்சிப் பிரிவின் பொறுப்பை ஒப்படைத்தார். 1963இல் ஓய்வு பெறும் வரை, ஐம்பத்து நான்கு ஆண்டுகள், அந்த நிறுவனத்தில் அவர் ஆசிரியர். மூன்று தலைமுறை ரபிகள் அவரிடம் பாடம் கேட்டார்கள்.

பிள்ளைகள் ஏன் விலகிப் போகிறார்கள்?

காப்ளான் நாள்தோறும் கண்டது ஒரே காட்சி. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து லட்சக்கணக்கில் யூதர்கள் வந்து நியூயார்க்கில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் பழைய ஆசாரங்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகளோ அமெரிக்கப் பள்ளிக்கூடம் போனார்கள், ஆங்கிலம் பேசினார்கள், விஞ்ஞானம் படித்தார்கள். ஜெப ஆலயத்தில் நடப்பது அவர்களுக்குப் புரியவில்லை. புரிந்தவர்களுக்கோ நம்பிக்கை இல்லை. தகப்பனோடு சண்டை போடாமல், சத்தமில்லாமல் நழுவிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

இதற்கு வைதீகர்கள் சொன்ன மருந்து, எதையும் மாற்றாதே என்பது. அன்றைய சீர்திருத்தவாதிகள் சொன்ன மருந்து, காலத்துக்கு ஒவ்வாத சடங்குகளை விட்டுவிடு என்பது. காப்ளான் இரண்டையும் ஏற்கவில்லை. அவர் கண்ணுக்கு யூத மதம் வெறும் கொள்கைத் தொகுப்பாகத் தெரியவில்லை. மொழி, பாட்டு, சாப்பாடு, பண்டிகை, கதை, கலை, பழக்கவழக்கம் எல்லாம் சேர்ந்த ஒரு மக்களின் வாழ்க்கை முறையாகத் தெரிந்தது. சடங்குகள் ஆகாயத்திலிருந்து விழுந்தவை அல்ல, அந்த மக்கள் தங்கள் தேவைக்காக உண்டாக்கிக்கொண்டவை என்றார். அப்படியானால் தேவை மாறும்போது அந்த மக்களே அவற்றைத் திருத்தலாம், புதிதாகவும் உண்டாக்கலாம். ஆனால் ஒரு சடங்கைத் தூக்கி எறிவதற்கு முன், அது எதைக் காப்பாற்றி வந்தது என்று பார்த்தாக வேண்டும். இதுதான் அவர் வாதம். அவரே வீட்டில் யூத உணவு விதிகளைக் கடைப்பிடித்து வந்தவர்.

1918இல் மன்ஹாட்டனின் எண்பத்தாறாவது தெருவில் யூத மையம் என்ற கட்டடம் எழுந்தது. அதன் முதல் ரபி காப்ளான்தான். வழிபாட்டுக் கூடத்தோடு வகுப்பறைகள், உடற்பயிற்சிக் கூடம், நீச்சல் குளம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் அமைந்தன. இளைஞர்கள் நீந்த வந்தாலும் சரி, பாட வந்தாலும் சரி, படிக்க வந்தாலும் சரி, அந்த வாசலுக்குள் வந்தால் போதும் என்பது அவர் எண்ணம். ஆனால் வைதீக முறையைக் கண்டித்து அவர் எழுதிய கட்டுரைகளும், தொழிலாளர்களுக்கு ஆதரவாகப் பேசிய பேச்சுகளும் அங்கிருந்த செல்வந்தர்கள் சிலருக்குப் பிடிக்கவில்லை. கருத்து வேற்றுமை முற்றியது. 1922 ஜனவரியில் தம்மோடு வந்த சில குடும்பங்களைக் கொண்டு யூத முன்னேற்றச் சங்கம் என்ற புதிய சபையைத் தொடங்கினார். அங்கே அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்றுதான் ஜூடித்தின் பாட் மிட்ஸ்வா.

இரண்டு பாட்டிமார்கள்

அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை கிடைத்தது 1920 ஆகஸ்டில். அந்த உரிமைக்கு ஆதரவாக இருந்தவர் காப்ளான். ஓட்டுச் சாவடியில் பெண்ணுக்கு இடம் உண்டு, ஜெப ஆலயத்தில் இல்லை என்றால் படித்த பெண் எந்த இடத்தைத் தன்னுடையது என்று நினைப்பாள்?

கொள்கை தெளிவாக இருந்ததே தவிர, காரியம் எப்படி நடக்கப்போகிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ஜூடித் பின்னாளில் அந்த நாட்களை நினைவுகூர்ந்து எழுதியிருக்கிறார். வெள்ளிக்கிழமை இரவு வரை, மறுநாள் தான் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கே தெரியாதாம். இரவுச் சாப்பாடு முடிந்த பிறகுதான் தந்தை அவரைப் படிப்பறைக்கு அழைத்துக்கொண்டு போய், வாசிக்க வேண்டிய பகுதியைக் காட்டி, ஆசி மொழிகளைச் சொல்லச் சொல்லி ஒத்திகை பார்த்தார்.

அந்த நேரத்தில் வீட்டின் மறு பக்கத்தில் வேறொரு விவாதம். ஜூடித்தின் பாட்டிமார் இருவரும் வந்திருந்தார்கள். இருவருக்கும் இது கொஞ்சமும் சம்மதமில்லை. தாய்வழிப் பாட்டி சம்பந்தியம்மாளைப் பார்த்து, உங்கள் பிள்ளையிடம் சொல்லி இந்தக் காரியத்தை நிறுத்துங்கள் என்றார். தந்தைவழிப் பாட்டியோ, எந்தப் பிள்ளை தாய் சொல்லைக் கேட்டான், நீங்கள் உங்கள் மகளிடம் சொல்லி அவள் மூலமாகத் தடுத்துப் பாருங்கள் என்று திருப்பிவிட்டார். சம்பந்திகள் இருவரும் இப்படிப் பந்தை மாற்றி மாற்றி அனுப்பியதில் இரவு கழிந்தது. யாரும் யாரிடமும் சொல்லவில்லை, அல்லது சொல்லியும் பயனில்லை.

ஜூடித்துக்கும் முழு மனது என்று சொல்ல முடியாது. ஒரு பக்கம் பெருமை. மறு பக்கம், கூடப் படிக்கும் பெண்கள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு உலகத்தில் முதல் ஆளாக இருப்பதைவிட நாலு பேரைப் போல இருப்பதுதானே பிடிக்கும்?

மறுநாள் காலை அவர் வாசித்து முடித்தார். இடி இடிக்கவில்லை, மின்னல் வெட்டவில்லை. வழிபாடு வழக்கம்போல முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். புரட்சி செய்தார் என்று புகழப்படும் காப்ளான்கூட அன்று முழு தூரம் போகவில்லை. மகள் நின்றது மேடைக்குக் கீழே, வேதச் சுருளிலிருந்து சற்று விலகி. வாசித்தது சுருளிலிருந்து அல்ல, அச்சிட்ட புத்தகத்திலிருந்து. பையனுக்குக் கிடைக்கும் மேடை அவளுக்குக் கிடைக்கவில்லை. அந்தச் சபையில் பெண்கள் ஆண்களுக்குச் சமமாக வேதச் சுருளின் முன் அழைக்கப்படுவதற்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின. ஒரே எட்டில் மலை ஏற அவர் முயலவில்லை. சபையும் கூட வர வேண்டும் என்று நினைத்தார். அதே சமயம், சபை முழுதும் சம்மதிக்கட்டும் என்று காத்துக்கொண்டும் இருக்கவில்லை. காத்திருந்தால் ஜூடித்தின் பன்னிரண்டு வயது திரும்பி வராது.

சபை கற்றுக்கொடுத்த பாடம்

மாற்றம் என்றால் குரு நினைத்தபடியெல்லாம் நடந்துவிடும் என்பதில்லை. பாவநிவாரண நாளின் தொடக்கத்தில் யூதர்கள் கோல் நித்ரே என்ற ஒரு பழைய வாசகத்தை உருக்கமான இசையில் பாடுவார்கள். செய்த நேர்த்திகளையும் உறுதிமொழிகளையும் ரத்து செய்யும் வாசகம் அது. நேர்மைக்கு இது அழகல்ல என்று காப்ளான் கருதினார். வாசகத்தை எடுத்துவிட்டு, அதே இசையில் ஒரு சங்கீதத்தைப் பாட ஏற்பாடு செய்தார். சபையார் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு அந்தச் சொற்களின் பொருள் முக்கியமில்லை. தாத்தாவும் தகப்பனும் நின்று கண்ணீர் விட்ட சொற்கள் என்பதுதான் முக்கியம். சில ஆண்டுகளுக்குப் பிறகு, சிறு திருத்தத்தோடு பழைய வாசகம் திரும்பி வந்தது. சடங்கு மக்களுடையது என்று போதித்தவர், மக்களிடமே அந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

1934இல் யூத மதம் ஒரு நாகரிகம் என்ற பொருள் தரும் தலைப்பில் அவருடைய பெரிய நூல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவர் கருத்துகளைப் பரப்ப ஒரு பத்திரிகை தொடங்கப்பட்டது. மறுகட்டுமான இயக்கம் என்று அவர் வழிக்குப் பெயர் ஏற்பட்டது. 1941இல் பஸ்கா பண்டிகை விருந்தில் வீடுதோறும் வாசிக்கும் நூலைப் புதுப்பித்து வெளியிட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியது. ஆனால் பெரிய புயல் அதற்குப் பிறகுதான் வந்தது.

எரிக்கப்பட்ட பிரார்த்தனை நூல்

1945இல் காப்ளானும் அவருடைய சீடர்களும் ஓய்வுநாள் பிரார்த்தனை நூல் ஒன்றை வெளியிட்டார்கள். உலக மக்கள் அனைவரிலும் யூதர்களை மட்டும் இறைவன் தேர்ந்தெடுத்தான் என்று வரும் சொற்களை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். இறந்தவர்கள் உடலோடு எழுவார்கள் என்பதும், கோயிலில் மீண்டும் பலி கொடுக்கப்படும் என்பதும் நீக்கப்பட்டன. நம்பாததை வாயால் சொல்லிப் பிரார்த்தனை செய்யக் கூடாது என்பது இளமையிலேயே அவரைக் குத்திய முள் அல்லவா!

அந்த ஆண்டு ஜூன் 12ஆம் தேதி, நியூயார்க்கின் மக்ஆல்பின் ஹோட்டலில் வைதீக ரபிகளின் சங்கம் கூடியது. காப்ளானை யூத சமூகத்திலிருந்து விலக்கி வைப்பதாக அறிவித்தார்கள். 1656இல் ஆம்ஸ்டர்டாமில் தத்துவஞானி ஸ்பினோசாவுக்கு விதித்தார்களே, அதே தண்டனை. கூட்டத்தில் அந்தப் பிரார்த்தனை நூலின் பிரதி ஒன்று எரிக்கப்பட்டது. முந்தைய நாள்தான் காப்ளானுக்கு 64 வயது நிரம்பியிருந்தது. யூதர்கள் எழுதிய நூல்களை ஜெர்மனியில் நாஜிகள் தெருவில் குவித்துக் கொளுத்தி அப்போது பன்னிரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஐரோப்பாவில் யுத்தம் முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. இறைவனின் பெயர் அச்சிடப்பட்ட ஒரு யூத நூலை, யூத குருமார்கள் கூடிய இடத்திலேயே எரித்தார்கள் என்ற செய்தி பலரைத் திடுக்கிட வைத்தது.

அதைவிட அவருக்கு வலித்தது வேறு. பல ஆண்டுகளாகக் கூடவே பணிபுரிந்த செமினரிப் பேராசிரியர்கள் மூவர், அவர் நூலைக் கண்டித்துப் பத்திரிகையில் பகிரங்கமாக எழுதினார்கள். காப்ளான் கோபித்துக்கொண்டு வெளியேறவில்லை. மறு நாளும் வகுப்புக்குப் போகிறவராகவே மேலும் பதினெட்டு ஆண்டுகள் இருந்தார். தனிக் கட்சி கட்ட அவருக்கு விருப்பமில்லை. யூதர்கள் ஏற்கெனவே பல பிரிவுகளாகக் கிடப்பது போதாதா என்று நினைத்தார். தம் மனக் கசப்பையும் சந்தேகங்களையும் நாட்குறிப்பில் எழுதி வந்தார். 1913 முதல் முதுமை வரை எழுதிய அந்தக் குறிப்புகள் 27 தொகுதிகள்.

மறுபடியும் மேடையில்

அவர் தயங்கினாலும் சீடர்கள் தயங்கவில்லை. ஜூடித்தின் கணவரான ரபி ஐரா ஐசன்ஸ்டைன் தலைமையில் 1968இல் பிலடெல்பியாவில் இந்த இயக்கத்துக்கென்று ஒரு குருகுலம் தொடங்கியது. அடுத்த ஆண்டே அங்கே ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண், சாண்டி ஐசன்பர்க் சாசோ, 1974இல் ரபியாகப் பட்டம் பெற்றார். மேடைக்குக் கீழே ஒரு பெண் நின்ற காலத்திலிருந்து மேடையிலேயே ஒரு பெண் குருவாக நிற்கும் காலம் வர ஐம்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின. காப்ளான் உயிரோடு இருந்து அதைப் பார்த்தார்.

லீனா அம்மையார் 1958இல் காலமானார். காப்ளான் தம் முதுமையில் சில ஆண்டுகள் ஜெருசலேமில் வாழ்ந்தார். பிறகு நியூயார்க் திரும்பி, 1983ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி, 102ஆவது வயதில் கண்ணை மூடினார்.

ஜூடித் யூத இசையில் புலமை பெற்று, ஆசிரியராகவும் நூலாசிரியராகவும் விளங்கினார். 1992இல், 82ஆவது வயதில், அவருக்கு இரண்டாவது முறையாகப் பாட் மிட்ஸ்வா கொண்டாடினார்கள். முதல் முறை கூச்சத்தோடு நின்ற சிறுமிக்குப் பின்னால், இப்போது எத்தனையோ ஆயிரம் பெண்கள் அதே சடங்கைச் செய்துகொண்டு வந்திருந்தார்கள். 1996இல் அவரும் மறைந்தார்.

இன்று அமெரிக்காவில் முற்போக்கு யூத சபைகள் எல்லாவற்றிலும் பாட் மிட்ஸ்வா சாதாரண நிகழ்ச்சி. வைதீகக் குடும்பங்களிலும் பலர் அதை ஏதாவதொரு வடிவில் நடத்துகிறார்கள். அதோடு நிற்கவில்லை. பெண் குழந்தை பிறந்தால் பெயர் சூட்ட ஒரு விழா உண்டாகியிருக்கிறது. கல்யாண ஒப்பந்தத்தின் வாசகத்தை மணமகனும் மணமகளும் தாங்களே கலந்து பேசி எழுதுகிறார்கள். மோதிரத்தை இருவரும் மாற்றிக்கொள்கிறார்கள். இறந்த தந்தைக்காக மகளும் பிரார்த்தனை சொல்கிறாள். பந்தல் பழையது, பாட்டும் பழையது. அதன் கீழே நிற்பவர்களுக்குப் பேசும் உரிமை கிடைத்திருப்பதுதான் புதிது.

சொந்த மண்ணை விட்டு வந்து வேறு ஊரில் பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்கு எல்லாம் ஒரு கவலை உண்டு. நம் வழக்கங்கள் நம்மோடு போய்விடுமோ என்பது அது. காப்ளானுக்கும் அதே கவலைதான். வழக்கத்தைப் பூட்டி வைத்தால் பிழைக்கும் என்று அவர் நம்பவில்லை. அதில் தனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிந்தால் அது பிழைக்கும் என்று நம்பினார். அந்த நம்பிக்கைக்காக ஊர் விலக்கம்கூட ஏற்றார். அவருடைய நூல்களைப் படித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் ஓர் இரவு படிப்பறையில் மகளை உட்கார வைத்து அவர் பார்த்த ஒத்திகை, இன்று எத்தனையோ வீடுகளில் நடக்கிறது.